விண்ணேறிய இஞ்சினீயர்

ஸ்ரீமதி கல்பனா சாவ்லாவை நமது தேசத்தார் மறந்துவிட்டனர் என்று எவரும் குறைகூற இயலாது. 2003-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 1-ந் தேதி அவர் விண்வெளியினின்றும் திரும்பும் வழியில் உயிர் நீத்தார். அம்மாதம் 5-ந் தேதியே, அப்போது பிரதம மந்திரியாயிருந்த ஸ்ரீ வாஜ்பாயி, முந்திய செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்ற வானிலை உபகிரகத்திற்குக் ‘கல்பனா-1’ என்று பெயர் சூட்டினார். ஸ்ரீமதியின் சொந்த ஊராகிய கர்னாலில் சர்க்கார் வைத்தியக் கலாசாலை ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நமது தமிழ்நாட்டு சர்க்காரும், துணிவுக்கும் சாகசச் செயலுக்கும் உரிய விருதொன்றை அவர் பெயரால் ஏற்படுத்திச் சுதந்திர தினத்தன்று பெண்மணிகளுக்கு வழங்கி வருகின்றனர்.

ஞாபகச் சின்னங்களுக்குக் குறைவில்லை. ஆயினும், ஒருவர் பெயரைப் போற்றுவது வேறு. அவர் நடந்த பாதையைப் பிறருக்குத் திறந்து வைப்பது வேறு. முன்னதைத் தாராளமாகச் செய்துவிட்டோம். பின்னதைச் செய்தோமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகுந்த விஷயம்.

இஞ்சினீயர் ஒருவர் விண்வெளி யாத்திரிகர் ஆவது எங்ஙனம் என்று நம் வாலிபர் பலர் கேட்கின்றனர். அதை வெறுங் கனவென்று எண்ணிச் சிரிப்பாரும் உளர். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. அது படிப்படியாக ஏறத்தக்க ஒரு வழி. அவ்வழியின் கீழ்ப்படிகள் நமது நாட்டிலேயே இருந்தன என்பதற்கும், மேற்படிகள் இல்லாதிருந்தன என்பதற்கும் ஸ்ரீமதியின் சரித்திரமே சாட்சியம்.

கர்னாலிலிருந்து சண்டிகார் வரை

தேசப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபை விட்டுக் கர்னாலில் வந்து குடியேறிய குடும்பம் ஒன்றில், நான்கு மக்களுள் கடைக்குட்டியாகக் கல்பனா 1962-ம் வருஷம் பிறந்தார். தகப்பனார் டயர் தயாரிக்கும் தொழில் நடத்தியவர். செல்வாக்குள்ள ராஜவம்சமுமன்று, சாஸ்திரிகளின் பரம்பரையுமன்று. ஆனால் அவ்வூரில் விமானம் ஓட்டுவோர் சங்கம் ஒன்று இருந்தது. சிறு விமானங்கள் வீட்டுக் கூரைக்கு மேலே தாழப் பறந்து செல்வது வழக்கம். தாமும் தமையனாரும் சைக்கிளில் போகும்போது அண்ணாந்து பார்த்து, அவை எங்கே போகின்றன என்று தொடர்ந்து செல்ல முயல்வதுண்டு என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். தகப்பனாரை வேண்டி அவற்றுள் ஒன்றில் ஏறிப் பறந்தும் பார்த்தார்.

தபால் விமானங்களை முதன்முதல் ஓட்டிய ஸ்ரீ ஜே. ஆர். டி. டாட்டாவின் பெயரையும் தமக்கு ஊக்கம் தந்தவற்றுள் ஒன்றாக ஸ்ரீமதி குறிப்பிட்டதுண்டு. 1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஸ்ரீ டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அதை அவருடைய கூட்டாளி வின்ஸென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். அந்நாளில் சென்னையில் தபால் உறைகளைப் பிரித்தவர், இவ்வோட்டம் ஒரு பஞ்சாபிச் சிறுமியின் மனத்தில் பின்னாளில் வித்தாக விழும் என்று நினைத்திருக்கமாட்டார். தேசத்தில் ஒருவர் செய்யும் முதல் முயற்சி, அரை நூற்றாண்டு கழித்து எங்கே முளைக்கும் என்பதை யாரே அறிவர்!

பள்ளிப் படிப்பு முடிந்ததும் சண்டிகாரிலுள்ள பஞ்சாப் இஞ்சினீயரிங் கலாசாலையில் சேர்ந்தார். இக்கலாசாலையும் ஓர் அகதியே. லாகூர் அருகே முகல்புராவில் 1921-ம் வருஷம் தோன்றி, பிரிவினைக்குப்பின் ரூர்க்கியில் ஒதுங்கி, 1953-ல் சண்டிகாரில் நிலைபெற்றது அது. பெண்கள் இஞ்சினீயரிங் பயில்வதே அபூர்வமாயிருந்த அக்காலத்தில், அதிலும் அபூர்வமான விமான சாஸ்திரத்தைக் கல்பனா தேர்ந்துகொண்டார். 1982-ம் வருஷம் பட்டம் பெற்றார். வீடிழந்து வந்த ஒரு குடும்பமும், இடமிழந்து வந்த ஒரு கலாசாலையும் சேர்ந்து உருவாக்கிய இஞ்சினீயர் இவர். இந்த மட்டும் அவரை வளர்த்த பெருமை முழுதும் நம் தேசத்தினுடையதே.

கடல் கடந்தபின்

இனி மேற்படிகள். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆர்லிங்டன் நகரிலுள்ள சர்வகலாசாலையில் 1984-லும், கொலராடோ சர்வகலாசாலையில் 1988-லும் முறையே எம். எஸ்., டாக்டர் பட்டங்களைப் பெற்றார். அவ்வருஷமே கலிபோர்னியாவிலுள்ள நாஸாவின் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையில் அமர்ந்தார்.

அவர் அங்கே செய்த வேலை யாது? ஓடுபாதையில் ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே மேலெழும் விமான வகை ஒன்று உண்டு, ‘ஹாரியர்’ அவ்வகையினது. தரைக்கு அண்மையில் அது நிற்கையில், கீழ்நோக்கிப் பீறிடும் அனல்காற்று தரையில் மோதித் திரும்பி விமானத்தையே சூழ்ந்து, மேலெழும் ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும். இக்காற்றின் போக்கை நேரில் அளப்பது அரிது. ஆகவே விமானத்தைச் சுற்றியுள்ள வெளியைச் சிறுசிறு கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகமும் அழுத்தமும் எத்துணை என்பதைக் கம்ப்யூட்டர் கொண்டு கணித்தார். 1993-ல் ஒரு தனி ஆராய்ச்சிக் கம்பெனியின் உப தலைவராகி, இத்தகைய கணிதத்தையே மேலும் வளர்த்தார். இதற்கிடையில் விமானமும், மிதவை விமானமும், யந்திரமில்லாச் சறுக்கு விமானமும் ஓட்டக் கற்று, பிறருக்குக் கற்பிக்கும் லைசென்ஸும் பெற்றார்.

இதை நாம் விரித்துக் கூறுவதற்குக் காரணமுண்டு. விண்வெளி யாத்திரிகரென்றால் பயமறியாத ஒரு பராக்கிரமசாலி என்ற சித்திரமே நம் ஜனங்களின் மனத்தில் பதிந்திருக்கின்றது. ஸ்ரீமதியின் வாழ்வில் பராக்கிரமம் பிறகு வந்தது. முதலில் வந்தது கணக்கு. பட்டம் பெற்றதற்கும் விண்ணேறியதற்கும் இடையே கழிந்த பதினைந்து வருஷங்களில் பெரும்பகுதி மேஜைமுன் அமர்ந்து செய்த உழைப்பேயாகும்.

வாசல் திறந்த வரலாறு

இத்தகையவருக்கு விண்வெளியின் வாசல் ஆதியிலேயே திறந்திருக்கவில்லை. அமெரிக்கர் 1959-ல் முதன்முதல் தேர்ந்தெடுத்த எழுவரும் ராணுவத்துச் சோதனை விமானிகளே. ருஷ்யாவில் 1961-ல் ஏறிய ககாரினும் போர் விமானியே. இன்னதென்றறியாத வெளிக்கு முதலில் அனுப்பத் தக்கவர் அவரே என்று அக்காலத்தார் கருதியதில் பிழையில்லை.

ஆயினும், மூன்றரை வருஷங்களுக்குள் ருஷ்யர் அவ்வழக்கத்தை மாற்றினர். 1964-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி ஏறிய ‘வாஸ்கோத்’ கலத்தில் விமானி கோமரோவுடன் யெகோரோவ் என்ற வைத்தியரும், பியோக்திஸ்தோவ் என்ற இஞ்சினீயரும் அமர்ந்திருந்தனர். பியோக்திஸ்தோவ் அக்கலங்களின் அமைப்பை வகுத்தவர்களுள் ஒருவர். இரண்டாம் உலக யுத்தத்தில், பதினாறு வயதுச் சிறுவனாயிருக்கையில், ஜெர்மானியரால் சுடப்பட்டுப் பிழைத்தவர். தாம் வரைந்த கலத்தில் தாமே ஏறிச் சென்ற முதல் இஞ்சினீயர் அவரே. கலத்தை வகுத்தவரே அதில் அமரும்போது, காகிதத்திற் புலப்படாத குறைகள் அவருக்குக் கையிற் புலப்படுமன்றோ?

அமெரிக்கர் 1978-ல் விமானிகளோடு ‘காரிய நிபுணர்’ என்ற தனி வகுப்பாரையும் சேர்த்து முப்பத்தைவரைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் அறுவர் பெண்மணிகள். ஓடத்தை ஓட்டுவது விமானியின் பொறுப்பு. யந்திரக் கையை இயக்குவதும், வெளியே இறங்கிப் பழுது பார்ப்பதும், சோதனைகளை நடத்துவதும் காரிய நிபுணரின் பொறுப்பு. இஞ்சினீயருக்கென்று கதவு முறையாகத் திறந்தது அன்றுதான்.

அக்கதவின் வழியாகவே 1994-ம் வருஷம் டிசம்பரில் கல்பனா நுழைந்தார். ஏறக்குறைய 3,000 பேர் விண்ணப்பித்ததில் தேர்ந்தெடுக்கப்பட்ட அமெரிக்கர் பத்தொன்பதின்மர். பதின்மர் விமானிகள், ஒன்பதின்மர் காரிய நிபுணர். அமெரிக்கர் என்று சொன்னோம். அதிலேதான் நமக்கு வருத்தந் தரும் அம்சம் இருக்கின்றது. அந்நாட்டுப் பிரஜைகளே விண்ணப்பிக்கலாம் என்பது அங்கே விதி. 1991-ம் வருஷம் ஏப்ரலில் கல்பனா அமெரிக்கப் பிரஜையாகியிருந்தார்.

இதற்காக அவரைக் குறைகூறுவோர் இருப்பின், அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. 1984-ல் நமது விமானப் படையைச் சேர்ந்த ஸ்ரீ ராகேஷ் சர்மா ருஷ்யக் கலத்தில் ஏறி வந்தார். அது தேசத்துக்குக் கிடைத்த ஒரு தனிப் பெருமையேயன்றி, பிறர் தொடர்ந்து ஏறத்தக்க படியன்று. பஞ்சாபில் பட்டம் பெற்ற பெண் இஞ்சினீயர் ஒருவர் விண்ணேற விரும்பினால், இந்தியாவில் எந்தக் காரியாலயத்துக்கு மனுப் போட்டிருக்கக் கூடும்? அத்தகைய காரியாலயமே இருக்கவில்லை. படியில்லாத வீட்டில் மாடி ஏறவில்லையென்று ஒருவரைக் கண்டிப்பது நீதியாகாது. அவரோ பிறந்த மண்ணை மறந்தாரில்லை. தாம் படித்த கர்னால் பள்ளியின் மாணவர் ஹூஸ்டன் நகருக்கு வந்து நாஸாவின் வேலைகளைக் கண்டு செல்ல வழிசெய்து கொடுத்தார்.

ஓடத்தில் ஏறிய பிறகு

தேர்வு பெற்றவுடன் விண்ணில் ஏறிவிடலாம் என்று எண்ணுவதும் பிழை. ஒரு வருஷப் பயிற்சிக்குப்பின் கல்பனாவுக்குக் கிடைத்தது தரையிலே செய்யும் இஞ்சினீயர் வேலையே. யந்திரக் கையை இயக்குவோர் தம் நிலையைத் திரையிற் கண்டுணரும் சாதனங்களையும், ஓடத்தை நடத்தும் கம்ப்யூட்டர் கட்டளைத் தொகுதிகளையும் சோதித்துப் பார்ப்பது அவர் கடமையாயிருந்தது. 1997-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி ‘கொலம்பியா’ ஓடத்தில் முதன்முதல் ஏறினார். பதினைந்து நாட்களுக்கு மேல் தங்கி, பூமியை 252 முறை சுற்றித் திரும்பினார். இந்தியாவிற் பிறந்த பெண்மணிகளுள் விண்வெளி கண்டவர் அவரே முதல்வர்.

அவ்யாத்திரையில் ஒரு சங்கடம் நேர்ந்தது. சூரியனை ஆராயும் ‘ஸ்பார்ட்டன்’ என்ற சிறு உபகிரகத்தைக் கல்பனா யந்திரக் கையால் வெளியே விட்டார். அது தன் வேலையைத் தொடங்கவில்லை. திரும்பப் பிடிக்க முயன்றபோது சுழலத் தொடங்கிற்று. உடன் சென்றோர் இருவர் வெளியே இறங்கிக் கையாலேயே அதைப் பற்ற வேண்டியதாயிற்று. முதல் யாத்திரையிலேயே இப்படி நேர்ந்தால், பழி முழுதும் ஒருவர் தலையில் விழுவது உலக இயற்கை. ஆனால் விசாரணை நிதானமாக நடந்தது. கம்ப்யூட்டர் திரையின் அமைப்பிலும், கலத்திலுள்ளோருக்கும் தரையிலுள்ளோருக்கும் வகுக்கப்பட்ட செய்முறைகளிலும் இருந்த குறைகள் வெளிப்பட்டன. கல்பனாமீது சுமத்திய பழி நீங்கிற்று. அவருக்கு இரண்டாம் யாத்திரையும் அளிக்கப்பட்டது. குற்றவாளியைத் தேடாமல் குற்றத்தின் காரணத்தைத் தேடுவதே சாஸ்திரத்துக்கு உகந்த நியாய விசாரணை. இதை அவ்விடத்தில் செய்த அதே ஸ்தாபனம், ஐந்து வருஷங்களுக்குப்பின் வேறு விதமாக நடந்துகொண்டது என்பதுதான் துக்ககரமான விஷயம்.

கேளாத செவிகள்

2003-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி கொலம்பியா மீண்டும் கிளம்பிற்று. எழுவர் சென்றனர். கல்பனா கலத்தின் இஞ்சினீயராக, தலைவருக்கும் விமானிக்கும் பின்னே அமர்ந்தார். கிளம்பிய சுமார் 82-வது நொடியில், எரிபொருள் தொட்டியின்மேல் பூசியிருந்த நுரைக்காப்பில் முக்கால் கிலோ எடையுள்ள துண்டொன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதிற்று. படப்பதிவில் இதைக் கண்ட இஞ்சினீயர்கள் கலங்கினர். விண்ணிலிருக்கும் ஓடத்தின் இறக்கையைப் படம் பிடித்துப் பார்க்கவேண்டும் என்று ஒருமுறையன்று, மும்முறை கோரினர். நிர்வாகிகள் அதற்கு இணங்கவில்லை. கலத்துக்குச் சென்ற செய்தியோ, கவலைக்கிடமில்லை என்பதே.

பதினாறு நாட்கள் எழுவரும் இரவு பகலாக, முறைவைத்து, ஏறக்குறைய 80 சோதனைகளை நடத்தினர். பிப்ரவரி 1-ந் தேதி, இறங்குவதற்குப் பதினாறு நிமிஷங்களே இருந்தபோது, இறக்கையின் துவாரத்தின் வழியே 1,500 டிகிரிக்கு மேற்பட்ட அனல் புகுந்து, ஓடம் டெக்ஸாஸ் மாகாணத்து ஆகாயத்தில் சிதறிற்று. கல்பனா அமெரிக்காவில் முதன்முதல் படிக்க வந்திறங்கிய அதே மாகாணம். அவருடன் மாண்ட தலைவர் ரிக் ஹஸ்பண்டும் மைக்கேல் ஆண்டர்சனும் அவரோடு ஒரே வருஷத்தில் தேர்வு பெற்றவர்கள்.

மெல்லிய நுரைத்துண்டு இறக்கையைத் துளைக்குமா என்று ஐயுற்றோர் பலர். அவ்வருஷம் ஜூலையில் விசாரணைச் சபையார் அதே அளவுள்ள நுரைத்துண்டை அதே வேகத்தில் எறிந்து பார்த்தனர். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த அகலமுள்ள துவாரம் விழுந்தது. ஆகஸ்டில் வெளியான அவர்களுடைய அறிக்கை, நுரைத்துண்டைப் போலவே ஸ்தாபனத்தின் நடைமுறையும் இவ்விபத்துக்குக் காரணம் என்று தீர்ப்புக் கூறிற்று. படம் பிடித்திருந்தால் எழுவரையும் காத்திருக்கலாம் என்று நாம் அறுதியிட்டுக் கூறவில்லை. பார்க்கவேண்டும் என்ற கோரிக்கையையே மறுத்தது தவறு என்றுதான் கூறுகின்றோம்.

இது முதல் தவறுமன்று. 1986-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி ‘சாலஞ்சர்’ ஓடம் 73 நொடிகளில் அழிந்தது. அதற்கு முந்திய இரவு, ராக்கெட்டின் பகுதிகளை இணைக்கும் ரப்பர் வளையங்கள் கடுங்குளிரில் இறுகிவிடும், ஆகவே கிளம்பலாகாது என்று ராக்கெட் செய்த கம்பெனியின் இஞ்சினீயர்கள் வாதாடினர். மேலதிகாரிகள் அவ்வாதத்தைத் தள்ளினர். மறுநாள் காலை எழுவர் மாண்டனர்.

நம்மவர் இழந்த வாய்ப்பு

அக்காலைப் பொழுது நமது தேசத்தின் கதவொன்றையும் அடைத்துவிட்டது. இது பலர் அறியாத விஷயம். நமது ‘இன்ஸாட்’ உபகிரகம் ஒன்றை அமெரிக்க ஓடத்தில் ஏற்றிச் செல்லவும், அத்துடன் இந்தியர் ஒருவரை அனுப்பவும் ஏற்பாடாகி, நமது விண்வெளி ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்ரீ நாகபதி சிதம்பர பட், ஸ்ரீ ராதாகிருஷ்ணன் என்னும் இருவர் 1985-ல் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இருவரும் போர் விமானிகளல்லர். அந்த ஸ்தாபனத்தின் உபகிரக, ராக்கெட் வேலைகளில் ஈடுபட்டவர்கள். சாலஞ்சர் விபத்துக்குப்பின் அவ்யாத்திரை ரத்தாயிற்று. உபகிரகம் 1988-ல் ஐரோப்பிய ராக்கெட்டில் போயிற்று. நம்மவர் போகவில்லை.

அதாவது, எங்கோ ஓரிடத்தில் இஞ்சினீயரின் வார்த்தையைக் கேளாததால் 1986-ல் நம்மவர் வாய்ப்பு அழிந்தது. மீண்டும் அதே குற்றத்தால் 2003-ல் கல்பனாவின் உயிர் அழிந்தது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே. இஞ்சினீயருக்கு விண்கலத்தில் ஆசனமும் வேண்டும். தரையில் அவர் வார்த்தைக்குச் செவியும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றொன்றால் பயனில்லை.

ககன்யானும் நமது கடமையும்

இனி நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். 2018-ம் வருஷம் சுதந்திர தினத்தன்று பிரதம மந்திரி ஸ்ரீ மோடி, இந்தியக் கலத்தில் இந்தியர் விண்ணேறுவர் என்று செங்கோட்டையில் அறிவித்தார். மூவரைத் தாங்கி, 400 கிலோமீட்டர் உயரத்தில், மூன்று நாட்கள் சுற்றிவரத் தக்கதாக ‘ககன்யான்’ வகுக்கப்பட்டது. அதன் யந்திரங்களை நமது நெல்லைச் சீமையிலுள்ள மகேந்திரகிரியில் இஞ்சினீயர்கள் திரும்பத் திரும்ப எரித்துச் சோதித்தனர். 2024-ம் வருஷம் பிப்ரவரி 27-ந் தேதி திருவனந்தபுரத்தில் நால்வர் பெயர் வெளியாயிற்று. அவர்கள் ஸ்ரீ பிரசாந்த் நாயர், சென்னையிற் பிறந்த ஸ்ரீ அஜித் கிருஷ்ணன், ஸ்ரீ அங்கத் பிரதாப், ஸ்ரீ சுபான்சு சுக்லா. இவர்களுள் ஸ்ரீ சுக்லா 2025-ம் வருஷம் ஜூன் 25-ந் தேதி அமெரிக்காவிலிருந்து கிளம்பிச் சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி ஜூலை 15-ந் தேதி நலமே திரும்பினார். இச்செய்தி கேட்டு மகிழாத இந்தியர் இல்லை.

நால்வரும் விமானப் படையின் சோதனை விமானிகள். அவர்களுடைய திறமையிலும் தியாகத்திலும் நமக்கு ஐயமே இல்லை. ஸ்ரீ சுக்லா பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் விண்வெளி இஞ்சினீயரிங் பயின்றவருமாவார். ஆனால் தேர்வு நடந்த முறையைக் கவனிக்கவேண்டும். சோதனை விமானிகளினின்றுமே முதல் அணியினர் பொறுக்கப்பட்டனர். கல்பனா சாவ்லா அமெரிக்கா செல்லாமல், அதே பட்டங்களுடனும் அதே அனுபவத்துடனும் நம் நாட்டிலேயே இருந்திருப்பாராயின், அவர் பெயரால் உபகிரகம் விட்ட இதே தேசத்தில், முதல் அணியின் தேர்வுக்கு மனுப் போடவும் யோக்கியதை பெற்றிருக்கமாட்டார். இவ்வொரு வாக்கியத்தை நம் தேசபக்தர்கள் சிந்திக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இதற்கு மாறாகச் சொல்லப்படும் காரணங்களை நாம் அறிவோம். புதிய கலத்தின் முதல் ஓட்டத்தில் அபாயம் மிகுதி. அபாயத்திற் பழகியவரே செல்லவேண்டும் என்பது ஒன்று. இதை ஒப்புக்கொள்கிறோம். அமெரிக்கரும் ருஷ்யரும் அவ்வாறே தொடங்கினர். ஆனால் தொடங்கிய இடத்திலேயே அவர்கள் நின்றுவிடவில்லை. ஆசனங்கள் சிலவே என்பது மற்றொன்று. சிலவாயிருப்பதனாலேயே அவற்றில் யார் அமர்வது என்பதைச் சிந்தித்து வகுக்கவேண்டும். மேஜைமுன் அமர்ந்து கணக்குப் போடுவோரின் தேகம் இக்கஷ்டங்களைத் தாங்காது என்பது மூன்றாவது. கர்னாலின் டயர் வியாபாரி மகள் அந்த வாதத்துக்கு 1997-லேயே பதிலளித்துவிட்டார்.

2035-க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம், 2040-க்குள் சந்திரனில் இந்தியர் என்பன நமது சர்க்கார் வகுத்துக்கொண்ட லட்சியங்கள். நிலையம் என்பது பறந்து மீளும் கலமன்று; மாதக்கணக்காக மக்கள் வசிக்கும் வீடு. அங்கே காற்றைச் சுத்தி செய்யும் யந்திரம் நிற்கும், நீர்க்குழாய் அடைபடும், மின்சாரம் தடைபடும், சோதனைச் சாதனம் பழுதாகும். இவற்றைக் கையால் தொட்டுச் சீர்செய்யத் தெரிந்தவர் அங்கே வேண்டுமா, வேண்டாமா?

ஆகவே நாம் வற்புறுத்துவன மூன்று. முதலாவது, இனி நடைபெறும் தேர்வுகளில் விமானிகளோடு இஞ்சினீயர், விஞ்ஞானி, வைத்தியர் ஆகியோருக்கும் இடம் ஒதுக்கி, பகிரங்கமாக விளம்பரம் செய்து, ஆண் பெண் பேதமின்றி மனுக்களைப் பெறவேண்டும். இரண்டாவது, யோக்கியதை இன்னதென்பதை முன்கூட்டியே அச்சிட்டு வெளியிடவேண்டும். இன்ன பட்டம், இத்தனை வருஷ அனுபவம், இன்ன தேகநிலை என்று தெரிந்தால், திருநெல்வேலியிலோ தர்மபுரியிலோ படிக்கும் ஒரு பெண் பதினைந்து வயதிலேயே தன் படிகளை எண்ணத் தொடங்குவாள். மூன்றாவது, எல்லாவற்றினும் முக்கியமானது. மனிதரை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு கலமும் கிளம்புமுன், மாறுபட்ட அபிப்பிராயம் கூறும் இஞ்சினீயர், எத்துணை இளையவராயினும், அதை எழுத்து மூலம் பதிவு செய்யும் உரிமையும், அதற்கு எழுத்து மூலம் பதில் பெறும் உரிமையும் உடையவராதல் வேண்டும். கோர்ட்டில் மைனாரிட்டி ஜட்ஜின் அபிப்பிராயமும் தீர்ப்போடு சேர்த்தே பதிவாகின்றது. ஏழுயிர், மூன்றுயிர் அடங்கிய விஷயத்தில் அந்த மரியாதையேனும் ஓர் இஞ்சினீயருக்கு வேண்டாமா?

இது நிபுணர் விஷயம், அரசியல் ஊழியர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். 2024-ல் இத்திட்டத்திற்கென அனுமதிக்கப்பட்ட தொகை 20,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. அது ஏழை எளியவர் செலுத்திய வரிப்பணம். அப்பணத்தால் கட்டப்படும் கலத்தில் யார் ஏறுவது, எம்முறையில் ஏறுவது என்று பார்லிமெண்டில் கேட்பிப்பது பிரஜைகளின் உரிமை மாத்திரமன்று, கடமையுமாகும். நம் நேயர்கள் தத்தம் தொகுதி அங்கத்தினர்களுக்கு இதை எழுதுவார்களாக.

ஸ்ரீமதியின் அஸ்தி, அவர் விருப்பப்படியே, அமெரிக்க நாட்டு மலைக்காடொன்றில் தூவப்பட்டது. அதை நாம் மீட்டுக்கொண்டு வரப்போவதில்லை, அவசியமுமில்லை. அவர் நடந்த பாதையை மாத்திரம் மீட்டுக்கொண்டு வருவோம். கர்னாலில் அண்ணாந்து பார்த்த சிறுமி மாடியேற அந்நிய நாட்டுப் படிகளைத் தேடிச் சென்றாள். இன்று நம் ஊர்களில் அண்ணாந்து பார்க்கும் சிறுமிக்குப் படிகள் இங்கேயே அமைதல் வேண்டும். அதுவே கல்பனா சாவ்லாவுக்குத் தக்க ஞாபகச் சின்னம்.